எவரிஸ்டோவின் பெயரில் ஏழு வருடம்

அலபாமாவில் அந்தக் கோழித் தொழிற்சாலையில் நிக்கானோர் என்றால் யாருக்கும் தெரியாது. அங்கே என் கணவருக்குப் பெயர் எவரிஸ்டோ மொந்தானியெஸ். குவாத்தமாலாவிலிருந்து எல்லை ஆற்றைக் கடந்து வந்த எங்களிடம் ஏது காகிதம்? புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பிறப்பவர்களுக்கோ பிறக்கும்போதே அமெரிக்கக் குடியுரிமை. அப்படி ஒருவனுடைய பிறப்புச் சான்றிதழையும் சமூகப் பாதுகாப்பு எண் அட்டையையும் ஃப்ளோரிடாவில் ஒரு ஆளிடம் வாங்கித்தான் அவர் வேலைக்குச் சேர்ந்தார்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. எவரிஸ்டோ அவரைவிட ஒன்பது வயது மூத்தவன். மார்ச் மாதம் அவன் பிறந்த நாளன்று, கூட வேலை செய்பவர்கள் கேக் வாங்கி வந்து பாடினார்களாம்.

"வாயில வச்சேன், இறங்கல, ஒத்திலியா. பக்கத்துல ஒருத்தன் நின்னு, என் கேக்கை நீ திங்கிறியான்னு பார்க்கிற மாதிரி இருந்துச்சு."

"அந்தக் கோழி நாத்தத்துல எதுதான் இறங்கும்? வந்து சாப்பிடுங்க."

மூன்றாம் வருடம் எலும்பு உருவும் கத்தி அவர் கையைக் கிழித்துச் சீழ் வைத்தது. மருத்துவமனையில் எவரிஸ்டோவின் பழைய பதிவைப் பார்த்த நர்ஸ், "உங்களுக்குப் பென்சிலின் ஆகாது, இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள். இவரும் தலையாட்டிவிட்டார். வேறு மருந்தில் காயம் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அதன்பின் எந்த மாத்திரையைப் பார்த்தாலும் அவருக்கு மூச்சு முட்டியது. வீட்டில் நிக்கானோர் என்று கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவார்.

ஏழாம் வருடம், இறந்தவர்கள் நாளன்று என் அப்பாவுக்கும் அவர் அம்மாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றினேன். அவர் மூன்றாவதாக ஒன்றை வைத்தார்.

"இது யாருக்கு?"

"அவனுக்கு."

"ஐயோ கடவுளே! உயிரோட இருக்கிறவனுக்கு யாராவது மெழுகுவத்தி ஏத்துவாங்களா? அவன் செத்துட்டான்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் தீக்குச்சியை உரசித் திரியில் வைத்தார்.

அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. தட்டினால் உடனே திறக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். சீருடை இல்லை, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தனியாக நின்றாள். திறந்தேன்.

"எவரிஸ்டோ மொந்தானியெஸ் வீடு இதுதானே? நான் அவன் தங்கச்சி, இரைடா. கோழித் தொழிற்சாலையில விலாசம் கேட்டு வந்தேன்."

என் தோளுக்கு மேலாக நிக்கானோரைப் பார்த்தாள். அப்புறம் அவரையும் தாண்டி, உள்ளே வேறு யாரையோ தேடினாள். அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"அவனைக் கூப்பிடுங்க. ஒளிய வேண்டாம்னு சொல்லுங்க. ரெண்டே கேள்வி, கேட்டுட்டுப் போயிடறேன்."

வீடு மாறிப் போய்விட்டான் என்று சொல்லச் சொல்லி நான் கண்ணைக் காட்டினேன். நிக்கானோர் எழுந்து நின்றார். "அம்மா, அந்தப் பேர்ல வேலை பார்க்கிறது நான்தான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வரி ஆபீஸ்லேருந்து எங்க வீட்டுக்கு லெட்டர் வரும், அண்ணன் அலபாமாவுல சம்பாதிக்கிறான்னு. ஒரு போன் பண்ணலியேன்னு அம்மா அழுவா. அவ படுக்கையில விழுந்தப்பவும் அவன் வரல, செத்தப்பவும் வரல. இனிமே இந்த வீட்டுல அவன் பேரையே யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னவ நான்தான்."

அடுப்பில் சோள ரொட்டி கருகியது.

நிக்கானோர் உள்ளே போய் பைபிளுக்குள்ளிருந்து மடித்த சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஏழு வருடமாக என் கண்ணில் படாத சீட்டு. ஒரு மருத்துவமனையின் முத்திரை, ஒரு எண், ஒரு தேதி. பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'தெரியவில்லை' என்றிருந்தது.

"அட்டையை வித்தவன் இந்த ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்கறவன். நினைவில்லாமக் கிடந்த உங்க அண்ணன் பையிலேருந்துதான் காகிதத்தை எடுத்திருக்கான். ஆள் செத்தாச்சு, இனி யாரும் கேட்டு வரமாட்டாங்கன்னு காட்ட இந்தச் சீட்டையும் கொடுத்தான். யாருக்கும் நஷ்டமில்லைன்னு சொன்னான். நானும் அதையே சொல்லிக்கிட்டேன்."

"யாருக்கும் நஷ்டமில்லையா?" என்று எழுந்து அவரை ஓங்கி அறைந்தாள். அவர் அப்படியே நின்றார். அவள் சீட்டை விரித்துத் தேதியைப் படித்தாள். "பாவி நான். செத்தவனைப் போயி இத்தனை வருஷம் திட்டியிருக்கேன்."

போகும்போது வாசலில் நின்றாள். "போலீசுக்குப் போகமாட்டேன். ஆனா அவன் பேர்ல சாவைப் பதிவு பண்ணாம உடம்பை என்கிட்ட கொடுக்க மாட்டாங்க. உன் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும். சீட்டைக் கொண்டு போங்க."

அவள் கார் நகர்ந்ததும் நான் கத்தினேன். "வாய் ஏன் சும்மா இருக்கல? ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கே, சாப்பாட்டுக்கு என்ன வழி?"

"அவ அண்ணனை நான் கெட்டவனாக்கி வச்சிருந்தேன், ஒத்திலியா," என்றார்.

அந்த வாரமே வேலையை விட்டார். வடக்கு கரோலைனாவுக்கு வந்துவிட்டோம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்ட. அனாதைப் பிணங்களைப் புதைக்கிற இடத்தில், அந்த எண்ணை வைத்து இரைடா அண்ணனைக் கண்டுபிடித்தாள். ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தாள். நாளைக்குப் பூசை என்று எங்களுக்கும் போன் செய்தாள். விமானம் ஏற எங்களால் ஆகுமா? பூசை நேரத்தில் நிக்கானோர் வயலின் நடுவில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். மேஸ்திரி கத்தியதுகூட அவர் காதில் விழவில்லை.

கல்லறையின் படத்தை இரைடா போனுக்கு அனுப்பியிருந்தாள். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தேதிக்கு நாலாம் நாள் நான் கோழி அறுக்கப் போனேன். அவனை அப்ப புதைச்சுக்கூட இருக்க மாட்டாங்க. 'எவரிஸ்டோ'ன்னு முதல் தடவை கூப்பிட்டப்ப, நான்தான்னு கையைத் தூக்கினேன்."

மழை பெய்து கூலி இல்லாத நாட்களில் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. இரைடாமேல் இல்லை, என் கணவர்மேல்கூட இல்லை. முகம்கூடத் தெரியாத அந்தச் செத்தவன்மேல். வந்த கையோடு பயமும் வருகிறது. உடனே அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.