மச்சானின் ஏலக்காய்

என் மச்சான் கலீலுர் ரஹ்மானுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று நான் முடிவு கட்டியது வக்கீல் ராதாவின் அறையில்தான்.

துபாய் ஜெபல் அலி குடோனில் கிடந்த இருநூறு மூட்டை ஏலக்காயை அவர் எனக்கு விற்றார். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டோம். புதன்கிழமை சரக்கெடுக்கப் போன என் லாரி காலியாகத் திரும்பி வந்தது. கையெழுத்துக்கு முந்தின சனிக்கிழமை காலையிலேயே குடோன் கூரையில் தீயணைப்புக் குழாய் வெடித்து அத்தனையும் நனைந்துபோக, அதிகாரிகள் அன்றே அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார்களாம். ஆக, இல்லாத சரக்குக்கு நாங்கள் பேனா பிடித்திருக்கிறோம். முதலில் போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். மனைவியின் அண்ணன் சரக்கை மூட்டை பிரித்துப் பார்ப்பது எங்கள் ஆட்களிடம் செருப்பால் அடிப்பதற்குச் சமம்.

"ஒப்பந்தம் ஆங்கிலச் சட்டப்படி எழுதினது. சரக்கு போனது ரெண்டு பேருக்குமே தெரியலைன்னா, அது ஆரம்பத்துலேருந்தே செல்லாது சார். உங்க பணம் திரும்பி வந்துரும்" என்றார் ராதா. "அவருக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அது வேற கதை. ஏமாத்து."

அந்த வேறு கதை என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. நான் ஆரஞ்சுப் பழத்தைக்கூட மூக்கருகே கொண்டுபோகாமல் வாங்காதவன். கிலோவுக்கு இரண்டு திர்ஹம் மச்சான் அவராகவே குறைத்தார். ஏன்? கையெழுத்துப் போட்டதும், ரியாத் ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு என்று டீயைத் தொடாமல் எழுந்தார். ஏன்? யோசிக்க யோசிக்க எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

வீட்டில் என் மனைவி ஆபிதா பதறிப்போனாள். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்காவையா சொல்றீங்க? வெள்ளிக்கிழமை அவஹ மக ஆலியாவுக்கு நிக்காஹ். நீங்கதான் சாட்சின்னு காக்கா எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்காஹ. எதுவும் பேசிராதீங்க, உங்க கையப் புடிச்சிக் கேக்குறேன்."

அந்தச் சாட்சி இடம் எனக்குச் சின்ன விஷயமில்லை. சந்தேகப் பேர்வழி என்று இருபது வருடமாக என்னைக் கேலி செய்கிற குடும்பம் அது. அத்தனை பேருக்கும் நடுவில், தன் மகளின் நிக்காஹ்வுக்குத் தங்கை மாப்பிள்ளையான என் கையெழுத்துதான் வேண்டும் என்று சொன்னவர் மச்சான். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அன்று இரவே போன் போட்டேன்.

"சரக்கு போனது தெரிஞ்சுதானே என் தலையில கட்டுனீங்க?"

மச்சான் போனை வைத்துவிட்டார். மாட்டிக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான்.

மறுநாள் ஆதாரம் தேடி ஜெபல் அலிக்குப் போனேன். மச்சானின் குடோனைப் பார்த்துக்கொள்ளும் அழகுமலை தொழிலாளர் கேம்பில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை முதலாளிக்குப் போன் போட்டியா?"

அவர் போனை நீட்டினார். சனிக்கிழமை, பதினொரு மணி, நான்கு நிமிடம்.

"சரக்கு நனைஞ்சதைச் சொன்னேல்ல?"

அழகுமலை தரையைப் பார்த்தார். "சொல்லத்தான்யா போட்டேன். எடுத்த ஒடனே, ஒன் லீவு ஓகே ஆயிருச்சு, டிக்கெட் போட்டாச்சுன்னாரு. மூணு வருசம்யா. எம்மக கனகாவ நான் இன்னும் நேர்ல பாத்ததில்ல. சரக்கு போச்சுன்னா லீவு கேன்சலாயிரும்னு பயந்து, சந்தோசம்யான்னு பேசிட்டு வச்சுட்டேன்."

"இப்ப அவருக்குத் தெரியுமா?"

"நேத்துச் சாயங்காலம் எல்லாத்தையும் சொல்லி அழுதேன். திட்டுவாருன்னு பாத்தா, பேசாம ஊருக்குப் போய்ட்டு வான்னுட்டாரு."

நான் போனில் கத்தியது அதற்குப் பிறகு. இவர் பெயரைச் சொல்லியிருந்தால் மச்சான் அப்போதே தப்பித்திருக்கலாம். காரில் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டேன்.

"மச்சான், அழகுமலை சொல்லிட்டான். ஒப்பந்தம் செல்லாதுன்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துருவோம்."

"நல்லது மாப்ள."

"நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, அழகுமலைக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு நெனச்சிருப்பீங்க."

உண்மை. அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"நாளைக்கு நிக்காஹ்வுக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"ஆபிதாவைக் காலையிலயே அனுப்பிருங்க. நீங்க சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்" என்றார் மச்சான், கோபமே இல்லாமல். "சாட்சிக்கு வேற ஆளச் சொல்லிட்டேன்."