பயமுறுத்தாத குரல்

வசதியற்றவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு கட்டித் தரும் அறக்கட்டளை அது. அங்கே கடிதம், அறிவிப்பு, கைபேசிச் செய்தி எல்லாம் இவள் பொறுப்பு. எதைப் படித்தாலும் ஒரே ஆள் பேசுவதுபோல இருக்க வேண்டும் என்று விதிகள் வகுத்திருந்தாள். 'குடியிருப்போர்' கிடையாது, 'நம் வீட்டார்' உண்டு. கட்டளையிடக் கூடாது, அழைக்க வேண்டும். 'உடனே', 'ஆபத்து' இரண்டுக்கும் தடை.

அதற்குக் காரணம் இருந்தது. போன ஆண்டு தரகர்கள் அறக்கட்டளை பெயரில் மிரட்டல் செய்தி அனுப்பிச் சில குடும்பங்களை வீட்டைவிட்டுக் கிளப்பிவிட்டார்கள். அப்போது இவள் எல்லோருக்கும் எழுதினாள்: "நாங்கள் உங்களை ஒருபோதும் பயமுறுத்த மாட்டோம். பயமுறுத்தினால் அது நாங்கள் இல்லை." அதன்பிறகு தரகர்களின் பருப்பு வேகவில்லை.

இன்று எஞ்சினியர் இவளை அறக்கட்டளைக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத் தூணருகே அழைத்துப்போய்க் காட்டினார்.

"துருப்பிடிச்ச இரும்பு நல்ல இரும்பைவிட அதிக இடம் கேக்கும்மா. உள்ளே உப்பி, சிமெண்டை வெளியே தள்ளுது. காலையில இந்த விரிசல்ல நகம் நுழைஞ்சுது. இப்ப விரலே நுழையுது. தீயணைப்புக்குச் சொல்லிட்டேன். அவங்க வர்றதுக்குள்ள எல்லாரையும் இறக்கணும்."

மூன்றாம் மாடியில் இவளுடைய அக்கா குடியிருந்தாள். விதிகளை மறந்து கைபேசியில் எல்லோருக்கும் செய்தி தட்டினாள்: "ஆபத்து. கட்டடம் இடிந்து விழலாம். உடனே வெளியேறுங்கள்."

ஒரு கதவும் திறக்கவில்லை. பதில்கள்தான் வந்தன.

"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களாடா, தரகர் பயலுகளா?"

"எங்க ஆளுங்க இப்படிப் பேச மாட்டாங்க. வேற ஆளைப் பாரு."

அக்காவைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"அந்தச் செய்தி நான் அனுப்பினதுதான்க்கா."

"நீயா? உன் பேச்சு மாதிரியே இல்லையேடி!"

"மாமாவைக் கூட்டிட்டு இறங்குக்கா. கெஞ்சிக் கேக்கறேன்."

"ராத்திரி வேலை முடிச்சு இப்பத்தான் படுத்தாரு... சரி, அழாத. எழுப்பறேன்." பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் அக்கா சொல்வது கேட்டது. அவள் சிரித்தாள்: "உன் தங்கச்சி குரல்லயே பேசறானுங்களா? பலே கில்லாடிங்கதான்!" அக்கா கதவைச் சாத்திக்கொண்டு மாமாவை எழுப்ப உள்ளே போனாள்.

இனி ஒரே வழிதான். விரல் கூச இவள் எழுதினாள்: "நம் வீட்டாரே, முற்றத்தில் உங்களுக்காகக் காத்திருக்கிறோம். குழந்தைகளோடு இறங்கி வாருங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வோம்."

கதவுகள் மளமளவென்று திறந்தன. ஆனால் கால்களில் அவசரமில்லை. ஒருத்தி படியில் நின்று பிள்ளைக்குத் தலை வாரினாள். "இருங்க, சட்டை மாத்திட்டு வந்துடறேன்!" என்று ஒருவர் திரும்பி மேலே ஏறினார். ஓடி வாருங்கள் என்று இவள் கத்தியிருப்பாள். கத்தினால் எல்லோரும் திரும்பிப் போய்விடுவார்கள். சிரித்த முகத்தோடு கையசைத்துக்கொண்டே நின்றாள். கீழ்த்தளத்திலிருந்து மணல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம் விடாமல் வந்தது.

கைபேசி ஒலித்தது. அக்கா.

"கதவு வரமாட்டேங்குதுடி. மாமாவும் இழுத்துப் பாத்துட்டாரு."

"பூட்டியிருக்கா?"

"பூட்டல. சும்மா சாத்தினதுதான்."

எஞ்சினியரிடம் சொன்னாள். "நிலை கோணலாயிடுச்சுன்னா அது கதவைக் கவ்விக்கும். அப்படின்னா தூண் இறங்..." என்று விளக்கத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தி, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். இவளும் பின்னால் ஓடினாள்.

படி நிறையப் பளிச்சென்று உடுத்தியவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒதுங்கவில்லை.

"மெதுவாப் போங்க சார்," என்றார் ஒருவர் சிரித்தபடி. "நாங்க வராம படம் எடுத்துடுவாங்களா என்ன?"