லேடி டாக்டர் ஓட்டிய கார்

மன்சூராவில் விற்பனைக்கு நிற்கும் பழைய கார்களையெல்லாம் லேடி டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். எந்தக் கடையில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு, அதைத் தாண்டி ஒரு அடி ஓடியதில்லை என்பார்கள். இந்த ஊரில் எத்தனை லேடி டாக்டர்கள் இருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். நானும் ஒருத்தி. நாங்கள் ஆளுக்கு நாற்பது கார் ஓட்டியிருந்தால்தான் அவர்கள் சொல்வது சரியாக வரும். என் தோழிகளில் பாதிப் பேருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாது. மீதிப் பேருக்கு, எடுத்தால் நிறுத்தத் தெரியாது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஹாஜி பயூமியின் கடையில் போய் ஏமாந்தேன்.

கார் இல்லாமல் எனக்கு ஆகாது என்ற நிலை வந்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். அங்கே நான் ஒரே டாக்டர். எட்டு மணிக்குக் கதவு திறக்க வேண்டும். மினி பஸ்ஸில் போனால், பதினான்கு இருக்கையும் நிறைந்து, பதினைந்தாவது ஆளும் அவர் வாத்துகளும் ஏறிய பிறகுதான் டிரைவர் கிளம்புவார். மூன்று தடவை தாமதமானதற்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. நாலாவது தடவைக்கு என்னைப் பாலைவனத்துப் பக்கம் மாற்றிவிடுவதாக அதில் எழுதியிருந்தது. நான் என் வளையல்களை விற்றேன். நிச்சயதார்த்தத்துக்கு முன்னாள் கணவர் போட்டவை. நாலு வருடக் கல்யாணத்தில் எனக்கு மிஞ்சிய ஒரே லாபம் அதுதான்.

டாக்டர் என்று தெரிந்தால் இந்த ஊரில் தக்காளிக்கே தனி விலை. அதனால் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

ஹாஜியார் கடை வாசலில் குர்ஆன் ஓதும் ரேடியோ, உள்ளே பிளாஸ்டிக் உறை கழற்றாத ஒரு நீளமான சோபா, அதன் எதிரே வெள்ளி நிறத்தில் அந்தக் கார். விற்பனையாள் ரிஃபாத் ஓடி வந்து கூரையை உள்ளங்கையால் தடவினான். பூனையைக்கூட யாரும் அப்படித் தடவி நான் பார்த்ததில்லை.

“கம்பெனி பெயிண்ட், டீச்சரம்மா. ஒரு கீறல் காட்டுங்க, நான் மீசையை எடுத்துடறேன்.”

அவனுக்கு மீசை இல்லை.

ஹாஜியார் தேநீரோடு வந்தார். நெற்றியில் தொழுகைத் தழும்பு, கையில் ஜெபமாலை போன்ற தஸ்பீஹ் மணி, குரலில் தேன்.

“இந்த வண்டிய விக்கிற எண்ணமே இல்லம்மா. என் மகளுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கேன்.”

“அப்ப அவளுக்கே குடுத்துடுங்க, ஹாஜியார்.”

“அவ சின்னப் பொண்ணு.”

“என்ன வயசு?”

“நாலு.”

“சரி, முன்னாடி யாரு ஓட்டினது?”

“லேடி டாக்டர்.” இதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார். “பிரசவ டாக்டர். குவைத்துக்குப் போயிட்டாங்க.”

“அவங்க பேரு?”

“பேரைச் சொன்னா அவங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காதும்மா.”

எழுந்து போயிருக்க வேண்டியவள்தான். ஆனால் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டேன். சரிகை உறை போட்ட டிஷ்யூ பெட்டி. முன் கண்ணாடியில் திருஷ்டிக்கு நீல மணி. அதோடு ஒரு ஸ்டெதாஸ்கோப் தொங்கியது. அவசரமாகக் கிளம்பிய ஒரு பெண் விட்டுப்போனதைப் போலிருந்தது. எனக்கு அவளைப் பிடித்துப் போனது. இவளும் என்னைப் போலத் தினமும் யாருடைய வாத்துக்கும் காத்திருக்காமல் வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அத்தனை கடைகளிலும் சிரித்துவிட்டு வந்த பொய்யை இந்தக் கடையில் நம்பினேன்.

ரிஃபாத் கடையைச் சுற்றி ஓட்டிக் காட்டினான். இரண்டாவது கியருக்கு மேல் போக அங்கே இடமில்லை. விலை பேசி முடித்ததும் மூவரும் கையேந்தி குர்ஆனின் ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதினோம். ஓதியாகிவிட்டால் எங்கள் ஊரில் வியாபாரம் முடிந்தது, அதற்குப் பின் வாக்கு மாறுகிறவனை மனிதனாக மதிக்க மாட்டார்கள். பத்திரம் எழுத என் அடையாள அட்டையைக் கேட்டார் ஹாஜியார். அதில் தொழில் என்ற இடத்தில் ‘மருத்துவர்’ என்றிருந்ததை இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு ரிஃபாத்தைப் பார்த்தார். ரிஃபாத் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

மூன்றாம் நாள், வாய்க்கால் ஓரத்து மண் சாலையில், கியர் மூன்றில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. கழுதை வண்டிக்காரர் ஒருவர் கட்டி இழுத்துத்தான் மெக்கானிக் கமாலின் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஒன்றரை மணி நேரம் தாமதம். என் நர்ஸ் வருகைக் கையெழுத்துப் புத்தகத்தை அலமாரியில் பூட்டி, சாவி தொலைந்ததாகச் சொல்லி என் வேலையைக் காப்பாற்றினாள்.

கமால் அதிகம் பேசமாட்டார். கியர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு காருக்குள் ஏறி, கூரையின் உள்துணியை ஒரு ஓரத்தில் பிரித்தார். “இங்க வந்து பாருங்க, டாக்டரம்மா.”

கூரைத் தகரத்தில் வரிசையாக நாலு ஓட்டைகள், மக்கு வைத்து அடைக்கப்பட்டிருந்தன.

“இது என்ன?”

“டாக்ஸி போர்டு மாட்டின இடம்.” கதவு இடுக்கில் நகத்தால் சுரண்டினார். வெள்ளிக்கு அடியில் நீலம் வந்தது. “வெளியூர் டாக்ஸி. உங்க பிரசவ டாக்டர் ராத்திரி பகலா சவாரி அடிச்சிருக்காங்க.”

கண்ணாடியில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். குழாயில் துளையே இல்லை. குழந்தைகள் விளையாடும் பொம்மை. பதினோரு வருடம் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டிருக்கிற எனக்கு, அது பொம்மை என்று பார்க்கத் தெரியவில்லை. ஹாஜியார் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிது.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஹாஜியாரின் குரலில் அன்று தேன் தீர்ந்திருந்தது.

“போகும்போது நல்லாத்தானே போச்சு?”

“கியர் மாட்டிக்குது. இது டாக்ஸி. கூரையில ஓட்டை இருக்கு.”

“டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. பொம்பளைங்க ஓட்டினா கியர் மாட்டத்தான் செய்யும்.”

விற்கும்போது பெண் ஓட்டினால் கார் புதுசு. விற்ற பிறகு பெண் ஓட்டினால் கார் பாழ். இதைச் சொன்னேன். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டினார்.

“ஃபாத்திஹா ஓதியாச்சும்மா. இனி நான் அல்லாஹ்வுக்குப் பயப்படணுமா இல்லையா?”

பணமும் போய், காரும் போய், வளையலும் போய், திங்கட்கிழமை மறுபடி வாத்துகளோடு மினி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். பாலைவனத்து மாற்றல் உத்தரவு பின்னாலேயே வரும். அழுகை வந்தது. இந்த ஆள் முன்னால் அழுவதில்லை என்று திரும்பியபோது, பக்கத்தில் நின்ற சிவப்புக் காரின் கண்ணாடியில் இன்னொரு ஸ்டெதாஸ்கோப் தொங்குவதைப் பார்த்தேன். மொத்தமாக ஒரு டஜன் வாங்கி வைத்திருப்பார் போல.

ஒரு வாரம் லீவு போட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள மனமிருந்த டாக்டர் சிநேகிதி ஒருத்தி கிடைத்தாள். மறுநாள் காலை என் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அசல் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஹாஜியார் கடை சோபாவில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி. ரிஃபாத் சிவப்புக் காரின் கூரையைத் தடவ ஆரம்பித்தான்.

“லேடி டாக்டர் வச்சிருந்தது, சார்.”

“ஆமாங்க, நான்தான் அது,” என்றேன்.

பெண்ணுக்கு முகம் மலர்ந்தது. “அப்படியா டாக்டர்? வண்டி எப்படி?”

“தங்கம். பிரேக்கை நான் தொட்டதே இல்ல. நிறுத்தணும்னா சுவத்துல சாச்சுடுவேன்.”

பையன் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அடுத்து ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர், பச்சைக் கார். அதுவும் லேடி டாக்டருடையதுதான். அதையும் நான்தான் ஓட்டியிருந்தேன். பின்சீட்டில் பிரசவம் பார்த்ததைச் சொன்னேன். ஒன்றல்ல, இரட்டைக் குழந்தை. அவர் சீட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

“நீங்க எத்தனை காருதான் வச்சிருந்தீங்க?” என்று மதியம் ஒருவர் சந்தேகத்தோடு கேட்டார்.

“கடையில இருக்கிற அத்தனையும். ஹாஜியார் பொய் சொல்வாரா? நெத்தியைப் பாருங்க.”

ஹாஜியார் என்னை வெளியே போகச் சொல்லவும் முடியவில்லை. நான் டாக்டர் இல்லை என்று அவர் சொன்னால் நான் அடையாள அட்டையை எடுப்பேன். நான் ஓட்டவில்லை என்றால், யார் ஓட்டினார்கள் என்று சொல்ல வேண்டும். ரிஃபாத் முதல் நாள் தேநீர் கொண்டுவந்தான், இரண்டாம் நாள் சர்க்கரை இல்லாமல் கொண்டுவந்தான், மூன்றாம் நாள் கொண்டுவரவில்லை. நான் ஃபிளாஸ்க்கும் தாமியா வடை வைத்த ரொட்டியும் எடுத்துப் போனேன். கடைக்கு வந்த ஒரு கிழவருக்கு ரத்த அழுத்தம்கூடப் பார்த்தேன். வாழ்க்கையில் அந்த வாரத்தைப் போல நான் ரசித்த லீவு கிடையாது.

நாலாம் நாள் ஹாஜியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“உங்களுக்கு என்னதான் வேணும், டாக்டரம்மா?”

“என் வளையல்.”

பணத்தை ஒரு காசு குறையாமல் கொடுத்தார். நானே அவருக்குக் காரை விற்பதாகப் பத்திரம் எழுத வேண்டும் என்றார். சந்தோஷமாக எழுதினேன். பதிவு அலுவலகத்தில் சாதாரணமாக ஒரு பவுண்டுக்கு மூக்கால் அழுகிற மனிதர், முத்திரைக் கட்டணத்தைத் தானே கட்டினார். தொழில் என்ற இடத்தில் ‘மருத்துவர்’ என்று தெளிவாக எழுதச் சொல்லி குமாஸ்தாவிடம் இரண்டு தடவை சொன்னார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜெயித்த மப்பில் உறைக்கவில்லை. கமாலே பார்த்துச் சொன்ன வேறொரு காரை வாங்கினேன். அது கசாப்புக் கடைக்காரர் ஓட்டியது. நாற்றம் இன்னும் போகவில்லை, ஆனால் எட்டு மணிக்குக் கதவு திறக்கிறது.

ஐந்து வாரம் கழிந்திருக்கும். சுகாதார நிலையத்தில் கடைசி நோயாளியாக ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு சிவப்புப் பேனா, விரலில் சாக்பீஸ் தூள். மஹ்ரூஸ் என்று பெயர் சொன்னார். தல்காவில் பூகோள வாத்தியாராம்.

“என்ன செய்யுது, உஸ்தாத்?”

“எனக்கு ஒண்ணுமில்ல. டாக்டர் நஜ்லா நீங்கதானா? உங்களைத் தேடி மூணு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிட்டேன்.” பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தார். முத்திரையும் கையெழுத்தும் தெரிந்தன. கையெழுத்து என்னுடையது.

“நான் ஏமாறுற ஆள் இல்ல, டாக்டரம்மா. லேடி டாக்டர் ஓட்டினதுன்னு அந்த ஹாஜியார் சொன்னப்ப மூஞ்சிக்கு நேரா சிரிச்சேன். ஊர் முழுக்க இதைத்தான் சொல்றான், பேப்பரைக் காட்டுய்யான்னேன். காட்டினாரு. பேரு, தொழில், சர்க்கார் முத்திரை. அப்புறம் நான் பேரமே பேசல. கேட்டதைக் குடுத்தேன். மூணு பொண்ணுங்க எனக்கு, காலேஜுக்கு பஸ்ல நசுங்கிக்கிட்டுப் போறாங்க.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேரீச்ச மரத்தடியில் வெள்ளி நிறக் கார் நின்றது. யாரோ கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். கயிறு இன்னும் முன்னால் தொங்கியது. அந்தக் கடையிலேயே உண்மையான வார்த்தை ஒன்று எழுதி வைத்தது நான்தான், அதைக் காட்டித்தான் இந்த மனிதரை விழுங்கியிருக்கிறார்கள். வெட்கம் காதுவரை சுட்டது.

“உங்களைக் குறை சொல்ல வரல, டாக்டரம்மா,” என்றார் அவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு. “நீங்க நல்லா வச்சிருந்த வண்டி, எனக்குத்தான் ஓட்டத் தெரியல போல. மூணாவது கியர் மாட்டிக்குது. நீங்க எப்படிச் சமாளிச்சீங்கன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.”

நான் எழுந்து கொக்கியில் மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்தேன்.

“உங்களுக்கு எத்தனை நாள் லீவு பாக்கி இருக்கு, உஸ்தாத்?” என்று கேட்டேன்.