மேல் சுரங்கத்துக் கறுப்புக் கோடு

மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த காலத்தில் மாமனார் கையில் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம் போட்டார். அது முதல் பிள்ளை பிறக்குமுன்னே நின்றுவிட்டது. இளையவளைக் கொடுக்கும்போது மனிதர் தலையெடுத்திருந்தார். அந்த மாப்பிள்ளை விரலில் மோதிரம் ஏறியது. பேருக்குப் போட்ட கம்பி இல்லை, பட்டையான, கனத்த தங்க மோதிரம். அன்றிலிருந்து பெரிய மாப்பிள்ளை தன் சகலையின் முகத்தைப் பார்த்துப் பேசியது குறைவு. கண் நேரே விரலுக்குத்தான் போகும்.

அப்படிப்பட்ட இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலைக்குச் சேர வேண்டி வந்தது. மலைமேல் தங்கமும் வெள்ளியும் எடுத்த பழைய சுரங்கம் ஒன்று தூர்ந்து கிடந்தது. விலை ஏறிவிட்டதால், மறுபடி திறந்தால் கட்டுப்படியாகுமா என்று பார்க்க ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. மேல் சுரங்கம், கீழ் சுரங்கம் என்று இரண்டு வாய். பெரிய மாப்பிள்ளையைக் கீழே போட்டார்கள், சின்ன மாப்பிள்ளையை மேலே. அங்கேயும் பெரிய மாப்ள, சின்ன மாப்ள என்பதே பேராக நின்றுவிட்டது.

வேலை சொல்வதற்குச் சுலபம், செய்தால்தான் தெரியும். சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கீழே தார்ப்பாயை விரிக்க வேண்டும். உளியும் சுத்தியலுமாக மேலிருந்து கீழே ஒரு கோடு வெட்ட வேண்டும், எல்லா இடத்திலும் ஒரே அகலம், ஒரே ஆழம். கெட்டிக்கல் என்று குறைக்கக் கூடாது, பொடிக்கல் என்று கூடுதலாக அள்ளக் கூடாது. விழுந்த தூளையெல்லாம் பையில் கட்டினால் அது நகரத்து லேபுக்குப் போகும். அங்கே ஒரு டன்னுக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள்.

இதற்கெல்லாம் தலைவி கல்லம்மா. கல்லைப் பற்றிப் படித்த பெண். கல்லைக் கண்டால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். அதனால் வந்த பேர் அது. வந்த முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார். "எந்தச் சுரங்கம் நல்லா வருதோ அதைத்தான் முதல்ல திறப்போம். அதுல வேலை பார்த்தவர்தான் மேஸ்திரி."

பெரிய மாப்பிள்ளை வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. மேஸ்திரி என்றால் வெட்ட வேண்டாம், வெட்டுகிறவன் பின்னால் நிற்கலாம். தோள்பட்டை விட்டுப்போன வயதில் அதைவிட வேறு என்ன வேண்டும்?

சுரங்க வாசலில் ஒரு தகர டப்பா இருக்கும். உள்ளே போகுமுன் மோதிரம், சங்கிலி, தோடு எல்லாம் அதில் போட்டுவிட வேண்டும். உரசின தூள் கல்லோடு கலந்தால் கணக்குக் கெட்டுவிடும். பெரிய மாப்பிள்ளைக்குப் போட ஒன்றும் இல்லை. சின்ன மாப்பிள்ளைக்கு இருந்தது, ஆனால் கழலவில்லை. விரல் அதைச் சுற்றிப் பருத்துவிட்டது. சோப்புப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, மேலே ஒரு துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். துணி நைந்து ஓரத்தில் மஞ்சளாக ஒன்று மின்னியதைப் பெரிய மாப்பிள்ளை அன்றைக்கே பார்த்தான். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். கிடக்கட்டும், ஒரு நாளைக்கு உதவும் என்று.

லேபுக் கணக்கு வந்தது. கீழ் சுரங்கத்தில் ஒன்றும் இல்லை. மேல் சுரங்கத்தில் கொட்டிக் கிடந்தது.

அன்றைக்கு வீட்டில் மனைவி தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள். "மேல நல்லா வந்திருக்காமே? தங்கச்சி சொன்னா."

"வரட்டும். எனக்கென்ன?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லதான். தட்டைத் தள்ளின வேகத்துல தண்ணி கவுந்துபோச்சு, அதான் கேட்டேன்."

மறுநாள் காலையிலேயே அவன் கல்லம்மாவின் தகரக் கொட்டகைக்குப் போனான்.

"அம்மா, சொல்லலாமா வேண்டாமான்னு இருந்துச்சு. சொந்தக்காரன் வேற."

"சுத்தி வளைக்காதீங்க."

"சின்ன மாப்ள மோதிரத்தோட உள்ள போறான். துணி சுத்தியிருக்கான், ஆனா துணி கிழிஞ்சிருக்கு."

அம்மா பேனாவை மூடினார். "எப்ப பார்த்தீங்க?"

"நேத்துதாம்மா கண்ணுல பட்டுச்சு."

அவர் லேபுக் கணக்கை எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு, "பழைய கோட்டுக்குப் பக்கத்துலயே திரும்ப வெட்டணும். நீங்களே வெட்டுங்க, உங்க கையில ஒண்ணும் இல்ல. தார்ப்பாய் பிடிக்க அவர் வரட்டும், இடம் அவருக்குத்தான் தெரியும். மோதிரத்தை அறுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

கையில் ஒன்றும் இல்லாததற்கு ஒரு மரியாதை கிடைத்தது அவனுக்கு அன்றைக்குத்தான்.

இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டரின் ஷெட்டில் மோதிரத்தை அறுத்தார்கள். சின்ன மாப்பிள்ளை விரலை நீட்டிக்கொண்டு, "சகலை, கொஞ்சம் பிடிச்சுக்குங்க, விரல் ஆடிட்டா பிளேடு பட்டுடும்" என்றான். பெரிய மாப்பிள்ளை பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷம் பார்த்த மோதிரத்தை அவன் தொட்டது அப்போதுதான். சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தான். சகலையின் உடம்புச் சூடுதான் இருந்தது. பிட்டர் மெல்லிய பிளேடால் இழுத்தார். விரிந்த மோதிரம் டப்பாவில் விழுந்தது. விரலில் வெள்ளையாக ஒரு பள்ளம்.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சு சகலை. வெளியாள் சொல்லியிருந்தா திருட்டுப் பட்டம் கட்டியிருப்பாங்க."

திட்டியிருந்தால் தேவலை. இவன் நல்லவனாக இருப்பதும் மாமனார் போட்டதுதானோ என்னவோ.

உள்ளே போனார்கள். சின்ன மாப்பிள்ளை தலைவிளக்கைச் சுவரில் அடித்தான். வெள்ளைக்கல்லுக்கு நடுவே, கையகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, கண்ணுக்கு எட்டிய தூரம் ஓடியது. விரலால் தொட்டாலே பொடிந்தது. வெள்ளியும் தங்கமும் சேர்ந்து குடியிருப்பது இந்த மாதிரிக் கறுப்பில்தான் என்று கல்லம்மா சொல்லிப் பெரிய மாப்பிள்ளை கேட்டிருக்கிறான். கீழே இத்தனை நாள் முட்டி மோதியும் அதில் ஒரு நூல்கூட அவனுக்குக் காட்டவில்லை அந்த மலை. இவனுக்கு மட்டும் பட்டையாக, கனமாக எடுத்துப் போட்டிருக்கிறது. மலையும் இளைய மகளைத்தான் இவனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறது போல.

அவனுக்குப் புரிந்துவிட்டது. மோதிரத் தூள் இல்லை, கல்லிலேயே இருக்கிறது. கணக்கு மறுபடியும் அப்படியேதான் வரும். இவன்தான் மேஸ்திரி. என் பின்னால் இவன் நிற்பான்.

வெட்ட ஆரம்பித்தான். வெள்ளைக்கல்லில் உளியை ஆழமாக இறக்கினான். கறுப்பு வந்ததும் மேலோடு ஒரு கீறு. உதிர்ந்ததைக் காலால் தார்ப்பாய்க்கு வெளியே ஒதுக்கினான்.

"சகலை, கறுப்பு சரியா வரலையே."

"வருது. நீ பாயைப் பிடி."

"ரெண்டும் ஒரே ஆழம் போகணும்ல?"

"எனக்கு நீ வாத்தியாரா?"

சின்ன மாப்பிள்ளையின் விளக்கு அவன் முகத்துக்கு வந்தது, பிறகு கறுப்புக் கோட்டுக்குப் போனது, அங்கேயே நின்றது.

"உங்களுக்கும் இதுலதானே பொழப்பு?" என்றான் மெல்ல.

"வாசல்லதான் அம்மா இருக்காங்க. போய்ச் சொல்லேன்."

"மோதிரக்காரன் பேச்சு எடுபடுமா, சகலை?"

சின்ன மாப்பிள்ளை குனிந்து தார்ப்பாயைப் பிடித்தான். அன்று வெட்டின கோடுகள் எல்லாமே அப்படித்தான் வெட்டப்பட்டன.

இரண்டாவது கணக்கு வந்தபோது கல்லம்மா பெரிய மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கம் குறைஞ்சது சரி, மோதிரம்னு வைச்சுக்கலாம். வெள்ளியும் குறைஞ்சிருக்கே. மோதிரத்துல ஏது அவ்வளவு வெள்ளி?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அங்கே திரும்பிக்கொண்டது.

"மலைதானேம்மா. ஒரு ஜாண் தள்ளினா மாறும்னு நீங்களே சொல்வீங்க."

அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை வெட்டணும்னு கேட்டேன். மேலிடத்துல போதும்னுட்டாங்க. சந்தேகம் வந்த மலையில ஒருத்தனும் பணம் போட மாட்டான்."

கம்பெனி மூட்டை கட்டியது. கல்லம்மாவுக்கு வேறொரு மலையில் வேலை. கேட்டதும் மறுபேச்சில்லாமல் மோதிரத்தை அறுத்துக் கொடுத்தவன் என்று சின்ன மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். மேஸ்திரியாக. பெரிய மாப்பிள்ளைக்கு இரும்புக் கதவின் சாவியைக் கொடுத்து, காவல் இரு என்றார்கள்.

கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால், இருட்டுக்குள், கறுப்புக் கோடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்து காட்டினால் தன் உளி வேலையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். சாவி இடுப்பில் குத்தும்போதெல்லாம் அது நினைவு வரும்.

ஒரு மத்தியானம் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். கையில் போன்.

"தங்கச்சி போட்டோ அனுப்பியிருக்கா. புது வீடு பாருங்க. ஜன்னல் எல்லாம் எவ்வளவு பெருசு!"

அவன் வீட்டைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த சகலையின் கையை விரலால் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். படம் கலங்கியது. மோதிரம் மறுபடி ஏறியிருந்தது.

"உன் கண்ணு நல்ல கண்ணு. அறுத்த இடத்துல ஒட்டு தெரியுதா பாரு."

அவள் வாங்கி, வெயிலுக்கு மறைத்து, நன்றாகப் பார்த்தாள்.

"இல்லையே. புதுசு மாதிரிதான் இருக்கு."

"நல்லாப் பாருடி," என்றான் பெரிய மாப்பிள்ளை.