மதில் கொக்கி

ரோசி பின்னால் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். மடியில் அடித்துப் பிரித்த தேங்காய் நார். விரல்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, எதிர்க்கோடியில் புருஷன் பாஸ்கல் ராட்டையைச் சுற்ற, நார் முறுக்கேறி இழையாக நீண்டுகொண்டே போனது. கல்யாணமாகி ராயபுரம் வந்த நாளிலிருந்து இப்படிப் பின்னால் நடந்துதான் அவள் பிழைப்பு. மதிலோரத்து மேடுபள்ளமெல்லாம் அவள் குதிகாலுக்கு அத்துப்படி. அதனால் முதுகு யார்மேலோ இடித்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"எனுக்குத்தான் பொடனில கண்ணு இல்ல. உனுக்கு முன்னாடி கீதுல்ல? தள்ளி நின்னா இன்னா?"

காக்கிச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே தள்ளி நின்றான் தொல்பொருள் ஆபீஸ் பியூன் கருணாகரன். கையில் ஒரு காகிதம். அதை அவளிடம் நீட்டுவதா, ராட்டையடியில் நிற்கும் ஆம்பளையிடம் நீட்டுவதா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு விஷயத்தை வாயாலேயே சொன்னான். மதிலில் இருக்கிற கொக்கிகளையெல்லாம் நாளைக்குள் பிடுங்கிவிட வேண்டும்; பிடுங்காவிட்டால் மறுநாள் ஆபீஸிலிருந்து ஆள் வந்து பிடுங்கும்.

அது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி எழுப்பிய கோட்டை மதில். மற்றதெல்லாம் இடிந்து வீடும் தெருவுமாகிப் போக, இந்த ஒரு துண்டு மட்டும் மிச்சம். ஆளுயரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் அதில் பதிந்திருந்தன. கயிறு திரிக்க நேர்கோடாக நீளமான இடம் வேண்டும். கடற்கரையில் வலை காய்கிறது, தெருவில் கட்டை வண்டி ஓயாது. மதிலோரம் மட்டும்தான் இழுத்துக் கட்டினால் கட்டினபடி நிற்கும்; மத்தியானத்துக்கு மேல் நிழலும் உண்டு.

அன்றைக்கு அந்தக் கொக்கிகளில் தொங்கியது சாதாரணக் கயிறு அல்ல. திருவொற்றியூர் மாசித் தேருக்கான வடம். முன்கையளவு கனத்தில் மூன்று புரி திரித்து, மூன்றையும் ஒன்றாக முறுக்கினால்தான் வடம். இரண்டு புரி முடிந்து, விறைப்பாக இழுத்துக் கட்டியபடி கிடந்தது. மூன்றாவதுக்குத்தான் ரோசி இழை திரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவிழ்த்தால் முறுக்கு உள்ளுக்குள்ளேயே சுருண்டு முடிச்சு விழும். அப்புறம் அதை அடுப்பில்தான் வைக்க வேண்டும்.

"யார்யா சொன்னது கொக்கியப் புடுங்கச் சொல்லி?" என்று கேட்டாள்.

கருணாகரன் பாவம், உள்ளதைச் சொன்னான். "உங்க வூட்டுக்காரர்தாம்மா எழுதிக் குடுத்துக்கீறாரு, கொக்கி அவுங்க குடும்பம் அடிச்சதுன்னு. அப்டின்னா அது மதிலோட சேந்தது இல்லியாம், ஆக்கிரமிப்பாம்."

ரோசிக்கு உடனே விளங்கிவிட்டது. போன மாதம் தொப்பியும் அளவு நாடாவுமாக ஓர் அதிகாரி வந்து மதிலைத் தடவித் தடவிப் பார்த்தார். கையால் கயிறு திரிப்பதில் பாஸ்கல் கெட்டிக்காரன். வாயால் திரிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரன். கொக்கிகள் ஏது என்று அவர் கேட்டதும், தன் பாட்டனுக்குப் பாட்டன் நெருப்பில் காய்ச்சித் தன் கையாலேயே அடித்தது என்று ஒரே போடாகப் போட்டான். அதிகாரி எழுதிக்கொண்டு கையெழுத்து கேட்க, புது மாப்பிள்ளை கணக்காகப் போட்டும் கொடுத்துவிட்டான். அன்று ராத்திரி சாப்பிடும்போது அதையே மூன்று தரம் பெருமையாகச் சொன்னான்.

"உன் வாய்க்கு அந்தக் கொக்கியில ஒண்ணப் புடுங்கி மாட்டணும்யா," என்றாள் இப்போது. பாஸ்கல் ராட்டைக்கு எண்ணெய் விட ஆரம்பித்தான்.

சாயங்காலம் நார் மண்டி தவசிமுத்துவிடம் போய்ச் சொன்னாள். கோயில் ஆர்டரைப் பிடித்தவரும் நார் கொடுத்தவரும் அவர்தான். தெற்கத்திக்காரர், வியாபாரம் என்றால் சொந்தம் பந்தம் பார்க்காதவர், ஆனால் கெட்டவரில்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அதிகாரியைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

"நான் என்னத்தச் செய்ய ரோசி? தேர் எனக்காவ நிக்குமா, உனக்காவ நிக்குமா? உன்னால முடியலேன்னா வேற எடத்துல சொல்லிக்கிடுதேன். ஒரு தடவ கை மாறிட்டுன்னா அடுத்த வருசமும் அவனுக்குத்தான் போவும், பாத்துக்க."

மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் போய் உட்கார்ந்தாள். பாஸ்கலையும் இழுத்துக்கொண்டுதான் போனாள். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். வெயில் ஏறி, நிழல் சுருங்கி, வாசல் பெஞ்சியை விட்டு இருவரும் தரைக்கு வந்து, தரையும் சுட ஆரம்பித்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். அவர் மேஜைமேல் மதிலின் படம் ஒன்று இருந்தது, கல் கல்லாக, அழகாக வரைந்தது. கொக்கிகளும் இருந்தன. கயிறும் ஆளும் இல்லை.

"ஐயா, அந்தக் கொக்கி எங்களுது இல்ல," என்றாள் ரோசி. "வெள்ளக்காரன் குதுர கட்ட அடிச்சது. எங்க மாமனாரு வாயாலயே சொல்லிக்கீறாரு. இவுரு சும்மா பெருமைக்குச் சொல்லிட்டாரு."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்படியா? அப்படின்னா அது மதிலோட சேர்ந்த புராதனப் பொருளாச்சே. பிடுங்கவே கூடாது."

ரோசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப நாங்க வேலயப் பாக்கலாமா?"

"அதெப்படிம்மா முடியும்? புராதனப் பொருள்ல கயிறு கட்டலாமா? கையே வைக்கக் கூடாது."

"எங்களுதா இருந்தா?"

"பிடுங்கியாகணும்."

அவளுக்குக் கத்தலாமா, அழலாமா என்று இருந்தது. "ரெண்டுல எதுவானாலும் எங்க புரிய அவுக்கணும். அதானே ஐயா?"

பழசைக் காப்பாற்றுவதென்றால் சில பேருக்குச் சிரமம் இருக்கத்தான் செய்யும் என்றார் அதிகாரி. கொக்கி குதிரை கட்டினது என்பதற்கு அத்தாட்சி ஏதாவது உண்டா என்றும் கேட்டார். இல்லை. பாஸ்கலின் கையெழுத்துதான் இருந்தது. தேர் வடத்தை முடிக்கும் வரைக்குமாவது விடச் சொல்லி அவள் கெஞ்சினாள். தேர் என்றதும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வருஷா வருஷம் ஒத்தியூர்ல வடம் பிடிக்கிறவம்மா நான். ஆனா ஆர்டர் ஆர்டர்தான்."

மறுநாள் விடியும்போதே கடப்பாறையோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். பாஸ்கலும் ரோசியும் இரண்டு முனையிலும் நின்று புரியை மெதுவாகத் தளர்த்தலாம் என்று போவதற்குள், ஒருவன் சீக்கிரம் ஆகட்டும் என்று கத்தியால் நடுவில் அறுத்தான். விறைத்து நின்ற புரி துள்ளி எழுந்து, மண்ணில் சுருண்டு சுருண்டு முடிச்சாக விழுந்தது. அடுத்ததும் அப்படியே. ரோசி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். 

கோடியிலிருந்த முதல் கொக்கி அசையவில்லை. ஈயம் காய்ச்சி ஊற்றி இறக்கியிருந்தார்கள்; அடித்தவன் பாஸ்கலின் பாட்டனோ வெள்ளைக்காரனோ, வேலை தெரிந்தவன். இரண்டு பேர் கடப்பாறையில் தொங்கி நெம்பியதும் கொக்கி வந்தது. கூடவே மதிலும் வந்தது. சுண்ணாம்பும் செங்கல்லுமாகச் சரிந்து, ஒரு ஆள் புகுந்து போகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதற்குள் வந்து சேர்ந்திருந்த அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதைப் பார்த்தார். மிச்சக் கொக்கிகள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

கருணாகரன் வண்டியிலிருந்து ஒரு பலகையை இறக்கினான். மதிலில் ஆணி அடிக்கக் கூடாதாம். கொண்டுவந்து அடுத்தடுத்து இருந்த இரண்டு கொக்கிக்கு நடுவில் பிடித்துப் பார்த்தான். சரியாக இருந்தது. கட்டத்தான் ஒன்றும் இல்லை. தயங்கித் தயங்கி, கீழே கிடந்த புரியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கட்டினான்.

பாஸ்கலுக்குப் பொறுக்கவில்லை. "த குடு நைனா. உன் முடிச்சு மொத மழைக்கே அவுந்துடும்," என்று வாங்கி, நாரை உருவி, மடக்கி, தன் தொழில் முடிச்சைப் போட்டான். தொங்கிப் பார்த்தான். பலகை அசையவில்லை. சபாஷ் கேட்பவனைப் போலத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இன்னா போட்டுக்கீது அதுல?" என்று கேட்டாள் ரோசி. அவள் கேட்டது அவனை அல்ல.

கருணாகரன் ஓட்டைப் பக்கம் பார்க்காமல் படித்தான். "இம்மதிலுக்குச் சேதம் விளைவிப்போர் தண்டிக்கப்படுவர்."

ரோசி எழுந்தாள். சிக்குப்பிடித்த புரியை வாரி மடியில் போட்டுக்கொண்டு, ஓட்டையிலிருந்து இன்னும் உதிர்ந்துகொண்டிருந்த செங்கல் தூளை அதிலிருந்து தட்டினாள். கடல்காற்று வீசியது. பாஸ்கல் கட்டிய பலகை இம்மியும் ஆடவில்லை.