வாளியில் மிச்சமிருந்த சண்டை

லாரித் தண்ணீரில் சண்டை கலந்திருக்கும் என்பதால் எங்கள் குடியிருப்பில் யாரும் அதை அப்படியே மீன்தொட்டியில் ஊற்றுவதில்லை. வாயகன்ற வாளியில் பிடித்து, மூடாமல், ஜன்னலோரம் ஒரு நாள் வைப்போம். வரிசையில் நின்றவர்கள் போட்ட சத்தமெல்லாம் ஆவியாகி வெளியே போய்விடும். வாளியருகே காதை வைத்துப் பார்த்து, ஒன்றும் கேட்கவில்லையென்றால் ஊற்றலாம். மனிதர்கள் அப்படியே குடிக்கலாம், நமக்குப் பழக்கம்தான். தங்கமீனுக்கு ஒத்துக்கொள்ளாது. செவுள் சிவந்துவிடும்.

வேறு தண்ணீரும் பார்த்துவிட்டேன். போர்வெல் தண்ணீரில் இருப்பது நிலத்துக்கடியில் ஊறிய பங்காளித் தகராறு. எத்தனை நாள் வைத்தாலும் போகாது, வாளி விளிம்பில் வெள்ளையாகப் படியும். கேன் தண்ணீரில் சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. அதில் விட்டால் மீன் எதையும் பார்க்காமல் வெறித்துக்கொண்டு நிற்கும். அவசரத்துக்குக் கொதிக்க வைக்கலாம் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னதை நம்பி ஒருமுறை செய்தேன். குண்டானில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. ஆகவே லாரித் தண்ணீர்தான், பொறுமைதான்.

என் மீனின் பெயர் துரை. நான் தனி ஆள். வேலை முடிந்து கதவைத் திறந்தால் கண்ணாடிப் பக்கம் ஓடி வருகிற ஒரே உயிர் அதுதான். அதன்மேல் எனக்கு இருப்பதைப் பாசம் என்றே சொல்வேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன வாரம் தொட்டித் தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்தது. துரை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பாதியை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். ஆனால் வாளித் தண்ணீர் அடங்கவில்லை. மறுநாளும் முணுமுணுப்பு. கூர்ந்து கேட்டேன். ஒன்று என் குரல். "அதனாலதான்க்கா உங்க..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றது. இன்னொன்று கீழ்வீட்டு ஜெசிந்தா அக்காவின் குரல். "மீனுக்குன்னு ஒரு குடம் கூடப் பிடிக்கிறியே, உனக்கு..." அதுவும் அங்கேயே நின்றது.

விஷயம் புரிந்தது. இந்தத் தண்ணீர் பிடித்த அன்று, என் முதல் குடம் நிறைந்தபின் அடுத்த குடத்தை யார் வைப்பது என்று நானும் அக்காவும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது லாரி கிளம்பிவிட்டது. லாரி போனபின் எங்கள் குடியிருப்பில் யாரும் சண்டை போடுவதில்லை. முழுச் சண்டை தானாக ஆவியாகிவிடும். பாதிச் சண்டை போகாது. மீதிக்காக அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

நான் சொல்ல வந்த மீதி எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டதை நினைத்து அன்றைக்கே உள்ளுக்குள் நிம்மதிப்பட்டிருந்தேன். ஆனால் துரை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது.

கீழே போய் அழைத்தேன். ஜெசிந்தா அக்கா ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே மேலே வந்து வாளியருகே குனிந்து கேட்டார்.

"ஆமா, நம்மளுதுதான். மீனு தாங்குமா?"

"சாயங்காலம் வரைக்கும் தாங்காதுக்கா."

"அப்ப சொல்லிடு தம்பி. நீதானே முதல்ல ஆரம்பிச்சே."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்ன யோசனை? அது எப்படி முழிக்குது பாரு."

வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அதனாலதான்க்கா உங்க பையன் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கிறதில்ல."

அவருடைய பையன் அமலன் ஓசூரில் இருக்கிறான். அவன் வந்து நான் பார்த்ததில்லை. அக்கா வாளிப் பக்கம் குனிந்து கேட்டார்.

"அவ்ளோதானா, இன்னும் இருக்கா?"

"அவ்ளோதான்க்கா."

பிறகு தன்னுடைய மீதியைச் சொன்னார். "மீனுக்குன்னு ஒரு குடம் கூடப் பிடிக்கிறியே, உனக்கு ஒரு காய்ச்சல்னா ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளிருக்கா?"

சுருக்கென்றது. கேள்வியாக இருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "இல்லக்கா" என்றேன்.

வாளி அடங்கியது. தொட்டியில் பாதியை இறைத்தேன். இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கிறதா என்று அக்கா புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகு, புதியதை டம்ளர் டம்ளராக விட்டோம். துரை ஒருமுறை புரண்டு, நேராகி, அடிக்குப் போய்க் கூழாங்கல்லைக் கொத்தியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பார்க்காத மாதிரி இருந்தார்.

அக்கா சொன்னதற்குப் பதில் கிடைத்துவிட்டதால் அது அங்கேயே கரைந்திருந்தது. நான் சொன்னது மட்டும் வாளியிலிருந்து எழும்பி, ஜன்னலைத் தாண்டி, கரண்டு கம்பிகளுக்கு மேலே சாம்பல் நிற மேகமாகத் திரண்டு நின்றது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"மேக்கால போவுது."

"ஓசூருக்காக்கா?"

"அங்கதான் போவும். அவனைப் பத்தினதாச்சே."

அது மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் செல்போனைக் கேட்டார். தன் நம்பர் என்றால் அவன் எடுக்க மாட்டான் என்றார். எண் மனப்பாடமாக இருந்தது.

"அமலா, அம்மா பேசறேன். வச்சுடாத. மாடியில துணி காயப்போட்டிருந்தா எடுத்துடு. இங்கேருந்து ஒண்ணு கிளம்பி வருது."

"எவ்ளோ பெருசும்மா?" என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

"தலகாணி அளவுதான். ஆனா நேரா உன் தலைக்குத்தான் வரும்."

துணியை எடுத்துவிட்டு வருகிறேன், லைனிலேயே இரு என்று சொன்னான் போலிருக்கிறது. அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.