மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சும்மாடு

அப்பாசாமிக் கவுண்டருக்கு அறுபது நடக்கிறது என்று யார் சொன்னாலும் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஒத்துக்கொண்டது அவருடைய இடுப்புதான். அதுவும் மெதுவாகச் சொல்லவில்லை, ஊர் கேட்கக் கத்தியது.

கொல்லிமலைக்காரனுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. நியாயமான கேள்விதான். மலைக்கு மோட்டார் ஏறும் பாதையே இல்லை. செம்மேட்டுப் பக்கமிருந்து கல்லுக் கல்லாக இறங்கி அடிவாரம் சேர அரை நாள் ஆகிவிடும். அதனால் வண்டி காளப்பநாயக்கன்பட்டியில், பழனிமுத்து ஆசாரியின் கொல்லுப்பட்டறையில் சாக்குப் போர்த்திக்கொண்டு கிடக்கும். அதன் சொந்தக்காரர் மலைமேல் மிளகுக்கொடிக்கு நடுவே கிடப்பார். வருஷத்தில் பதினோரு மாதம் இப்படி. மாசி பிறந்து மிளகு காய்ந்து மூட்டைக்குள் போய்விட்டால், மனிதருக்குக் கால் தரையில் நிற்காது. இறங்கிப் போய்ச் சாக்கை உருவி எறிந்து, உடுமலைப்பேட்டைக்குக் கிளம்பிவிடுவார். நூற்றுப் பத்து மைல்.

உடுமலையில் இருந்தவர் சின்னுசாமி. ஜெர்மன் சண்டையில் இருவரும் பஸ்ராவில் ஒரே கூடாரம். மூட்டை தூக்கப் போன மலைக்காரனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது மெக்கானிக்காக இருந்த சின்னுசாமிதான். சண்டை முடிய ஒரு மாதம் இருக்கையில் பெட்ரோல் டின் வெடித்து, கற்றுக்கொடுத்தவருக்கு இரண்டு கண்ணும் போயிற்று. கற்றுக்கொண்டவர் ஊர் திரும்பி, கோயமுத்தூரில் ஏலத்துக்கு வந்த பழைய வண்டி ஒன்றை வாங்கி, முதல் வேலையாக உடுமலைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நண்பரைப் பின்னால் ஏற்றித் திருமூர்த்தி மலை அடிவாரம் வரை கூட்டிப்போய் ஓடையில் குளிக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகு பதினாறு மாசி வந்து போய்விட்டது. ஒரு மாசியும் தவறியதில்லை.

போன வருஷம்தான் கோளாறு. திரும்பும் வழியில் கரூரில் வண்டியை நிறுத்தியவர், இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். டீக்கடைக்காரர்கள் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினார்கள். முதுகெலும்பின் அடிநுனியில் யாரோ ஆணி அடித்தது போல வலி. ஊருக்கு வந்து எட்டு நாள் குப்புறப் படுத்திருந்தார்.

ஆகையால் இந்த வருஷம் தையிலேயே பட்டறைக்குப் போய்விட்டார். "ஆசாரி, வண்டி நல்லாத்தான் இருக்குது. நான்தான் பழசாயிட்டேன். எனக்குத் தக்கன மாத்திக் குடு" என்றார்.

பழனிமுத்து ஆசாரி வேலைக்காரர்தான். இல்லையென்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் எதைக் கேட்டாலும் கேட்டதற்கு மேல் ஒரு பங்கு செய்துவைப்பார். "நோகாம நோம்பு கும்பிடோணும், அவ்வளவுதானுங்களே? நீங்க போங்க" என்று சொல்லி, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பிச்சுருளைக் கழற்றி இளக்கமான சுருளாகப் போட்டார். அதற்கு மேலே இலவம்பஞ்சை அடைத்து ஒரு மெத்தை தைக்கச் சொன்னார். ஒரு முழ உயரம். மாப்பிள்ளை உட்காரலாம், அப்படி ஒரு மெத்தை.

அப்பாசாமிக் கவுண்டர் ஏறி உட்கார்ந்து, "அடடா!" என்றார். நாமக்கல் வரை ஓட்டிப் பார்த்தார். சேந்தமங்கலம் தாண்டும் வரை சொர்க்கம். நாமக்கல் போவதற்குள் மெத்தை அமுங்கி, அமுங்கிய இடத்திலேயே அந்த ஆணி மறுபடி முளைத்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் மெத்தை ஒரு பக்கம் போக, உடம்பு இன்னொரு பக்கம் போயிற்று. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். திரும்பிப் பட்டறைக்கு வந்தவரால் மலை ஏறமுடியவில்லை. மூங்கிலில் தூளி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கொல்லிமலையில் தூளியில் ஏறுவது பிள்ளைத்தாய்ச்சியும் சாகக் கிடக்கிறவனும்தான். எதிரே வந்தவர்களெல்லாம் ஒதுங்கி நின்று "ஆருங்க, என்னாச்சு?" என்று கேட்டபோது, கவுண்டர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவமானத்தில் அவருக்கு அழுகை வந்தது.

வாசலில் நின்ற சென்னம்மாள் உள்ளே போய்ப் பாயை விரித்தாள். நாற்பது வருஷமாக அவருக்குப் பொண்டாட்டி. வண்டியைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. "அந்தச் சனியன்" என்பதுதான் அதற்கு அவள் வைத்த பெயர். வெந்நீர் வைத்து ஒற்றடம் கொடுத்தாள். சுடச்சுடச் சாமைச்சோறு போட்டாள். அவர் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "வண்டிய யாருக்காச்சும் குடுத்தரலாமுன்னு இருக்கறேன்" என்றபோது அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. அடுப்பைப் பார்த்தபடி "செரிங்க" என்றாள்.

அந்த வாரம் சோளக்காட்டுச் சந்தைக்கு இருவரும் போனார்கள். கடைக்கார அர்த்தனாரி கூப்பிட்டு, கவுண்டருக்குத் தபால் வந்திருப்பதாகச் சொன்னார். சின்னுசாமி சொல்லச் சொல்ல அவர் மருமகள் எழுதிய கார்டு. அர்த்தனாரிதான் படித்தார், சந்தைக்கே கேட்கும் குரலில்.

"அப்பாசாமிக்கு, சுகம், சுகத்துக்கு எழுதவும். மாசி வரப்போகிறது. உடம்புக்கு முடியாவிட்டால் நீ சிரமப்பட்டு வரவேண்டாம், நான் வருத்தப்படமாட்டேன். போன மாசியில் உன்னோடு போனதுதான். அதற்கப்புறம் தெருமுனை தாண்டவில்லை. நீ வந்துபோன கதையைத்தான் பேரனுக்குச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்."

கவுண்டர் கார்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "பதில் எழுதோணும் அர்த்தனாரி. இந்த வருசம் வரமுடியாதுன்னு..." என்றார். "அப்பறம் சொல்றேன்" என்று நடந்துவிட்டார்.

சந்தையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் சென்னம்மாள் நின்றாள். தலைக்கூடையை இறக்கி வைத்தாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லோணும். அடிச்சாலும் செரி, வஞ்சாலும் செரி."

"என்ன சொல்லப்போற?"

"அந்த மெத்தை ஆவாதுன்னு, ஆசாரி பஞ்சு அடைக்கறாருன்னு நீங்க சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க. அது இப்படித்தான் நோவுமுன்னு தெரியும்."

அவர் அவளையே பார்த்தார். "தெரிஞ்சுமா வாய மூடிட்டு இருந்த?"

"ஆமாங்க. நொந்தா வித்துப் போடுவீங்கன்னு இருந்தேன். மாசி பொறந்து நீங்க கெளம்பினா, நீங்க திரும்பி ஊடு வந்து சேர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்குமா, தண்ணி எறங்குமா? பதினாறு வருசமுங்க. ஒருத்தர் கிட்டயும் சொன்னதில்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா அந்தக் கண்ணில்லாத மனுசன் ஒரு வருசமாத் தெருமொன தாண்டலைன்னு கேட்டதும் மனசு கேக்கலீங்க. நான்தான் பாவி."

கவுண்டர் வந்த கோபத்தில் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். தூளியில் முகத்தை மூடிக்கொண்டு வந்தது நினைவுக்கு வரவர நடை வேகமாயிற்று. ஒரு பலாமரம் தாண்டி, இரண்டு பலாமரம் தாண்டி, சாமைக்காட்டு வரப்புக்கு வந்தபின்தான் வேகம் குறைந்தது. பதினாறு வருஷமாக இவள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள், அதை ஒருநாளும் கேட்காத நாம் பெரிய யோக்கியனா என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தார். அவள் கூடையோடு மெதுவாக வந்துகொண்டிருந்தாள்.

"ஏன் ஆவாது?" என்றார்.

"என்னுங்க?"

"மெத்தை. ஏன் ஆவாது? சொல்லு."

சென்னம்மாள் கூடையை இறக்கி, தலையில் இருந்த சும்மாட்டை எடுத்துக் காட்டினாள். "பலாப்பழம் தூக்கி இந்த மலைய எத்தனை நட எறங்கியிருப்பேன்? சும்மாட்டப் பஞ்சுல செஞ்சா என்ன ஆவும்? பழம் பஞ்ச அமுக்கிட்டு நேரா உச்சந்தலையில வந்து குந்திக்கும். அதுக்குத்தானுங்க துணியக் கெட்டியா முறுக்கி வளையமாச் சுத்தறது. நடுவுல ஒண்ணும் இருக்கக்கூடாது, சுத்தியுந்தான் தாங்கோணும். உங்களுக்கு எங்க நோவுதோ அங்க ஒண்ணுமே படக்கூடாது."

அப்பாசாமிக் கவுண்டர் சும்மாட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்த்த பொருள். "அட, என்ர மடத்தனமே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து இருவரும் இறங்கிப் பட்டறைக்குப் போனார்கள். ஆசாரிக்கு முகம் சுருங்கியது. "மோட்டார் வேலைக்கு ஊட்டுக்காரம்மாளைக் கூட்டியாந்திருக்கறீங்களே?" என்றார்.

"உங்க மெத்தையில உக்காந்து தூளியில வந்தவரு இவருதானுங்க" என்றாள் சென்னம்மாள். ஆசாரி நகர்ந்து வழிவிட்டார்.

மெத்தையைப் பிய்த்து எறிந்தாள். பழைய கம்பிச்சுருளை மறுபடி போடச் சொன்னாள். தன்னுடைய பழைய நூல்சேலைகள் இரண்டைக் கயிறாக முறுக்கி, வளைத்துச் சுற்றி, வாழைநாரால் இறுக்கிக் கட்டினாள். கவுண்டர் உட்கார்ந்த வேகத்தில் "ஐயோ!" என்று எழுந்தார். அவளுக்குத் தெரிந்த அளவு தலையின் அளவு. அதையே செய்து வைத்துவிட்டாள். ஆசாரி சிரித்த சிரிப்பில் துருத்தி நின்றுபோயிற்று. சென்னம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிரித்து, அகலமாக, பின்பக்கம் திறந்த லாடம் போலச் சுற்றினாள். அதற்கு மேலே ஆசாரி தோல் வைத்துத் தைத்தார்.

அதோடு விடவில்லை. கவுண்டரை ஏற்றி உட்காரவைத்துச் சுற்றிவந்து பார்த்தாள். "நாத்து நடறவளாட்டம் குனிஞ்சு கெடக்கறீங்களே! சுமக்காரி குனிஞ்சா மல எறங்குவாளா? ஆசாரி, அந்தக் கைப்பிடிய மேல தூக்கோணும். காலை வெக்கற எடம் முன்னால வரோணும்."

இது ஆசாரிக்குப் பிடித்த வேலை. கைப்பிடிக் குழாய்க்குள் மணலை அடைத்து, உலையில் பழுக்கக் காய்ச்சி, ஒரு சாண் மேலே தூக்கிப் பின்னால் வளைத்துக் கொடுத்தார். கால்வைக்கும் இரும்பை நாலு விரற்கடை முன்னால் நகர்த்தினார். இப்போது உட்கார்ந்தால் கவுண்டரின் முதுகு நிமிர்ந்து நின்றது. "தாசில்தார் நாற்காலியில குந்துன மாதிரி இருக்கறீங்க" என்றார் ஆசாரி.

மறுபடி நாமக்கல் போய்வந்தார். சென்னம்மாள் பட்டறை வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். அவர் வண்டியை நிறுத்திக் காலைத் தூக்கித் தானாக இறங்கி நின்றதும், அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆசாரிக்கு எதிரில் அப்படிச் செய்கிறவள் அல்ல.

"நோவு இருக்குதுங்களா?"

"இருக்குது. ஆனா தாங்கற நோவு" என்றார் கவுண்டர். "நீ ஒண்ணு கேட்டுக்க. இனி ஒரே நாள்ல போவமாட்டேன். ரெண்டு நாளாப் போறேன். பொழுது எறங்கினா வண்டியும் நிக்கும். போற ஊர்ல இருந்தெல்லாம் ஒரு கார்டு போடச் சொல்றேன். நீ சோறு தின்னோணும்."

"வேளா வேளைக்குத் தின்னுக்கறனுங்க" என்றாள் அவள்.

வழக்கம்போல மாசி மூன்றாம் தேதி கிளம்பினார். நாமக்கல்லை அடுத்த வேலூர்த் துறையில் வண்டியைப் பரிசலில் படுக்கவைத்துக் காவிரியைத் தாண்டினார். கரூரில் சத்திரத்தில் படுத்து, மறுநாள் தாராபுரம் வழியாக, பத்து மைலுக்கு ஒருதரம் இறங்கிச் சோம்பல் முறித்து, உச்சிப்பொழுதில் உடுமலை போய்ச் சேர்ந்தார். நேற்றைக்கே வந்திருக்க வேண்டியவர். தெருவில் திரும்புவதற்கு முன்பே குரல் கேட்டது.

"வாடா மலைக்காரா! என்னடா, பொண்ணு அழைக்கப் போறவனாட்டம் இத்தனை மெதுவா ஓட்டிட்டு வர்றே?"

சின்னுசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். நேற்றுக் காலையிலிருந்து இதே சட்டையோடு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார் என்று மருமகள் சொன்னாள். சாப்பாடு ஆயிற்று. வெயில் தாழ்ந்ததும் திருமூர்த்தி மலைக்குப் புறப்பட்டார்கள். கவுண்டர் ஏறி உட்கார்ந்தார். சின்னுசாமி பின்னால் வந்து கேரியரின் இரும்பைத் தடவினார். தடவிக்கொண்டே நின்றார். ஏறவில்லை.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. காலைத் தூக்கறேன் இரு."

"என்னன்னு சொல்லு."

சின்னுசாமி இரும்பிலிருந்து கையை எடுத்தார். "மூணு வருசமா எனக்கும் இடுப்பு போச்சுடா. இந்த இரும்புல குந்தி மலைக்குப் போயிட்டு வந்தா ஒரு வாரம் குப்புறத்தான் படுத்திருப்பேன்."

கவுண்டர் உட்கார்ந்தபடியே பின்னால் திரும்பினார். "ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ வராம போயிட்டீன்னா?" என்றார் சின்னுசாமி. "நீ இங்க வர்றதுக்கு இருக்கற சாக்கு இந்தச் சவாரி ஒண்ணுதான். எனக்கு இருக்கறது நீ வர்ற இந்த ஒரு நாள். இடுப்பு போனாப் போவுதுன்னு இருந்துட்டேன்."

அப்பாசாமிக் கவுண்டர் வண்டியை விட்டு இறங்கினார். இறங்கி, கரூரில் டீக்கடைக்காரர்கள் தூக்கியதிலிருந்து தூளி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். கேட்கக் கேட்கச் சின்னுசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தூளி வந்த இடத்தில் சிரிப்பு அழுகையாகிவிட்டது. கவுண்டருக்கும் அப்படியே. இரண்டு கிழவர்களும் நடுத்தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, மருமகள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

கவுண்டர் தலைப்பாகையை அவிழ்த்து முறுக்கிச் சுற்றிக் கேரியரில் கட்டி, நண்பரைத் தூக்கி ஏற்றினார். மூன்று மைலுக்கு ஒருதரம் நின்று நின்றுதான் போனார்கள். ஒவ்வொரு குழியிலும் முன்னால் இருப்பவர் "அம்மாடி!" என்பார், பின்னால் இருப்பவர் "ஐயோடி!" என்பார். சின்னுசாமி மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த அதே ரோட்டில், அன்றைக்குத்தான் இருவரும் வாய்விட்டு முனகிக்கொண்டே போனார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவர்கள் அந்த ரோட்டில் ஒரு வருஷமும் போனதில்லை.